பனியில் படுக்க: பாய் முதலில், ஸ்லீப்பிங் பேக் பிறகு

நீங்கள் கேட்டது இது. டிசம்பர் கடைசியில் கணவன், மனைவி இருவரும் சென்னையிலிருந்து உத்தராகண்டின் கேதார்கந்தா பனிமலைக்குப் போகிறீர்கள். கூடாரம், படுக்கை எல்லாவற்றையும் நீங்களே சுமக்கப் போகிறீர்கள். உங்கள் உயரம் 178 செ.மீ., மனைவி 155 செ.மீ. அவருக்குக் குளிர் சீக்கிரம் தெரியும், ஒருக்களித்துத்தான் தூங்குவார். ஆன்லைனில் ‘-10 டிகிரி’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து தூங்கும் பை) இரண்டு பார்த்து வைத்திருக்கிறீர்கள். அடியில் விரிக்க வீட்டில் இருக்கும் யோகா மேட் போதுமா, இதே சாமான்களைப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்கிறீர்கள்.

யோகா மேட் போதாது. அந்த ‘-10’ எந்தக் கணக்கில் சொன்ன -10 என்று தெரியாமல் பையையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் பாய்க்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் பை பாருங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். விலையுயர்ந்த பைக்குள் படுத்துக்கொண்டு இரவு முழுக்க முதுகு சில்லிட்டுக் கிடப்பவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

முதலில் எவ்வளவு குளிர் என்று பார்ப்போம். ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர் உயரம். ஜூடா கா தாலாப் முகாம் 2,700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. உச்சிக்கு முந்தைய முகாம் 3,400 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், சாங்க்ரியில் இரவு 0 டிகிரி இருக்கும்போது மேல் முகாமில் -9 அல்லது -10 இருக்கும். மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால், தாழ்வான இடத்தில் போட்ட கூடாரத்தில் இன்னும் குறையும். ஆகவே -10ஐச் சாதாரண இரவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இரண்டு, மூன்று டிகிரி போகலாம் என்ற நினைப்போடு சாமான் சேருங்கள்.

பாய்க்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை. அதன் நிரப்பிக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே இருக்கும் நிரப்பி நசுங்கிவிடும். அங்கே காற்றும் இல்லை, காப்பும் இல்லை. அந்தப் பக்கத்தில் உங்களுக்கும் பனிக்கும் நடுவே இருப்பது பாய் மட்டும்தான். பாய் மெலிதாக இருந்தால் உடம்புச் சூடு இறங்கி அடியில் இருக்கும் பனியை உருக்கும். இடுப்புக்குக் கீழே குழி விழும், விடிவதற்குள் அந்தக் குழி ஐஸாக இறுகும்.

பாயின் காப்பை ஆர் வேல்யூ என்ற எண்ணால் சொல்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு அளந்து ஓர் எண் போட்டது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற சோதனை முறை 2018இல் வந்தது, 2020 வாக்கில் பெரிய கம்பெனிகள் அதற்கு மாறின. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே பாயை வைத்து, எவ்வளவு சூடு கடந்துபோகிறது என்று அளப்பது அந்த முறை. அதனால் இன்று ஒரு பிராண்டின் 4.5ஐ இன்னொன்றின் 4.5ஓடு நேராக ஒப்பிடலாம். அந்தச் சோதனைப் பெயரோ ஆர் வேல்யூவோ எங்குமே போடாமல் ‘அல்ட்ரா வார்ம்’ என்று மட்டும் எழுதிய பாயை இந்தப் பயணத்துக்குத் தொடாதீர்கள்.

நடைமுறைக் கணக்கு இப்படி: இரவு 10 டிகிரிக்கு மேலே என்றால் ஆர் 2 போதும். உறைநிலை வரை 3 முதல் 4 வேண்டும். பனிமேல் படுப்பதற்கு 5க்குக் கீழே இறங்கவே வேண்டாம், குளிர் அதிகம் தெரிகிறவருக்கு 6க்கு மேல் தேவை. சாதாரண 6 மி.மீ. யோகா மேட் இந்தக் கணக்கில் 1ஐத் தாண்டுவதே கஷ்டம், எடையோ ஒரு கிலோவை நெருங்கும். அலுமினியத் தகடு ஒட்டிய மெல்லிய விரிப்பும் ஏமாற்றும். எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அந்தத் தகடு சூட்டைத் திருப்பி அனுப்பும். உடம்பும் தரையும் அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அதனால் பெரிய பயன் கிடையாது.

பாயில் மூன்று வகை. முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக மடியும் நுரைப் பாய் முதலாவது. தெர்மரெஸ்ட் ஜீ லைட் சோல், நீமோ ஸ்விட்ச்பேக் இரண்டும் இந்த வகை, இரண்டுக்கும் ஆர் 2, எடை சுமார் 410 கிராம். ஓட்டை விழாது, தண்ணீர் உறிஞ்சாது, உட்காரவும் உதவும். ஆனால் கனம் 2 செ.மீ.தான், ஒருக்களித்துப் படுப்பவரின் இடுப்பெலும்பு தரையில் இடிக்கும். இரண்டாவது, வால்வைத் திறந்தால் பாதி தானாக உப்பும் வகை. உள்ளே நுரை இருக்கும், சத்தம் போடாது, சுகமாக இருக்கும், ஆனால் எடை கூடுதல். காரில் போய் முகாமிடுபவர்களுக்கு அது அருமை. முதுகில் சுமப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது காற்றுப் பாய். 7 முதல் 10 செ.மீ. வரை உயரும், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான்.

காற்றுப் பாய் வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே காப்பு எதுவும் இல்லாத பாயில் காற்று மேலும் கீழும் சுழன்று சூட்டைப் பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 8 செ.மீ. உயரமிருந்தும் ஆர் 1.5ஐத் தாண்டாத பாய்கள் கடைகளில் இருக்கின்றன. உள்ளே சூட்டைத் திருப்பும் படலமோ இழை நிரப்பியோ இருக்க வேண்டும். தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி மாடலுக்கு ஆர் 4.5, எடை 370 கிராம். எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டிக்கு ஆர் 7.3, எடை 440 கிராம். இந்தப் படலம் உள்ள பாய்கள் புரளும்போது கொஞ்சம் சலசலக்கும்.

ஆர் எண்களைக் கூட்டலாம் என்பது உங்களுக்கு நல்ல செய்தி. அடியில் ஆர் 2 நுரைப் பாய், மேலே ஆர் 4.5 காற்றுப் பாய் என்றால் மொத்தம் 6.5. இரண்டும் சேர்ந்து சுமார் 780 கிராம். ஒரே ஒரு ஆர் 7 பாயைவிட எடை கூடினாலும் உங்கள் இருவருக்கும் இந்த ஜோடியைத்தான் சொல்வேன். பனிக்காலத்தில் நடுராத்திரி காற்றுப் பாய் ஓட்டையானால் ஆர் 7, கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். கீழே நுரை இருந்தால் விடியும்வரை சமாளிக்கலாம். காற்றுப் பாயை முள், கல்லிலிருந்து காப்பதும் அந்த நுரைதான். பிற்பாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நுரையை மட்டும் எடுத்துப்போகலாம்.

அகலத்தையும் இப்போதே யோசியுங்கள். வழக்கமான அகலம் 51 செ.மீ. மல்லாந்து படுத்தால் உங்கள் முழங்கை இரண்டும் பாய்க்கு வெளியே விழும். 64 செ.மீ. அகலப் பாய் எடுத்தால் நிம்மதி. ஆனால் இரண்டு அகலப் பாய் சேர்ந்தால் 128 செ.மீ. ஆகிறது, இருவர் கூடாரம் பலவற்றின் தரை அகலமே 120 முதல் 130தான். கூடாரத்தின் தலைப்பக்க, கால்பக்க அகலங்களைத் தனித்தனியாக அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள். உங்களுக்கு 64, அவருக்கு 51 என்று எடுத்தால் பெரும்பாலான கூடாரங்களில் அடங்கும்.

இனி பை. நீங்கள் பார்த்த ‘-10’இல்தான் சிக்கல். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை (முன்பு ஐரோப்பாவில் இஎன் 13537) ஒரே பைக்கு மூன்று வெப்பநிலை தருகிறது: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்தி, நடுங்காமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து ஒருவாறு தாக்குப்பிடிக்கும் எல்லை. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஐந்து, ஆறு டிகிரி வித்தியாசம். எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே கிடையாது. உடல் வெப்பம் அபாயமாகக் குறையலாம், உறைபனிப் புண் வரலாம், ஆனாலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்று சொல்லும் எண் அது. மலிவான பைகளில் பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் இதைத்தான். எக்ஸ்ட்ரீம் -10 என்ற பையின் கம்ஃபர்ட் 5 டிகிரிக்கு மேலேயே இருக்கலாம்.

அமெரிக்க பிராண்டுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பெயரில் வரும் 20, 15, 0 எல்லாம் பாரன்ஹீட். ‘20’ என்றால் -7 டிகிரி செல்சியஸ், ‘0’ என்றால் -18. அதிலும் அந்த எண் பெரும்பாலும் லிமிட்டைக் குறிப்பது. பை ஓரத்திலோ இணையப் பக்கத்திலோ மூன்று எண்ணும் இருக்கும் படத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

இந்த எண்களை எடுக்கும் சோதனையில் ஒரு பொம்மைக்கு நீளமான உள்ளாடையும் காலுறையும் போட்டு, பாய்மேல் கிடத்தி அளக்கிறார்கள். பாய் சரியில்லாவிட்டால் பை சொல்லும் எண் உங்களுக்குப் பொருந்தாது. நாள் முழுக்க ஏறிக் களைத்து, பாதி சாப்பிட்டு, ஈர உடையோடு படுப்பவருக்கும் பொருந்தாது.

உங்கள் மனைவிக்குக் கம்ஃபர்ட் -10 உள்ள பை வேண்டும். உங்களுக்குக் கம்ஃபர்ட் -5 அல்லது -6, லிமிட் -11 அல்லது -12 உள்ள பை, மேலே போட ஒரு நல்ல டவுன் (வாத்துத் தூவி) ஜாக்கெட் இருந்தால் சரியாக வரும். இருவருக்கும் ஒரே மாடல் வாங்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால் நல்ல பை அவருக்குப் போகட்டும். உங்களுக்கு வாடகைப் பை கிடைக்கும்.

நிரப்பி இரண்டு விதம்: டவுன் எனப்படும் வாத்துத் தூவி, அல்லது செயற்கை இழை. இந்தக் குளிருக்கு இழைப் பை எடுத்தால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவைத் தாண்டும், ரக்சாக்கில் பாதி இடத்தை அடைக்கும். அதே காப்புள்ள நல்ல டவுன் பை ஒன்றேகால் கிலோ அளவில் முடிந்துவிடும். சுமையை நீங்களே தூக்குவதால் டவுன்தான் என் யோசனை. அதன் பலவீனம் ஈரம். நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு உப்பாது. ரக்சாக்குக்குள் கனமான பிளாஸ்டிக் உறையிட்டு, அதற்குள் பையை வையுங்கள். வெளிப்புற ரெயின் கவரை மட்டும் நம்ப வேண்டாம்.

டவுன் பையில் ‘800 ஃபில்’ என்று எழுதியிருப்பது தூவியின் தரம்: ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்ற கணக்கு. அது மட்டும் தெரிந்து பயனில்லை, உள்ளே எத்தனை கிராம் தூவி என்பதும் வேண்டும். 900 ஃபில் தூவி 200 கிராம் போட்ட பையைவிட 650 ஃபில் தூவி 700 கிராம் போட்ட பை எவ்வளவோ சூடு. 800 ஃபில்லில் கம்ஃபர்ட் 0 டிகிரி வேண்டுமென்றால் சுமார் 400 முதல் 500 கிராம் தூவி தேவை. கம்ஃபர்ட் -10க்கு அதைவிட நிறையவே வேண்டும். மொத்த எடையை மட்டும் போட்டு, தூவி எடையை மறைக்கும் விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கே வாங்காதீர்கள்.

தையலையும் பாருங்கள். உள்துணியும் வெளித்துணியும் நேராகச் சேர்த்துத் தைத்த பையில் ஒவ்வொரு தையல் கோட்டிலும் தூவி இல்லை, குளிர் அந்தக் கோடு வழியே நுழையும். பனிக்கு உள்ளே குறுக்குத் துணி வைத்துப் பெட்டி பெட்டியாகத் தடுத்த பை வேண்டும். ஜிப் நெடுக ஒரு தடித்த தூவிக் குழாய், கழுத்தைச் சுற்றி இறுக்கும் காலர், கயிறு இழுத்தால் மூக்கு, வாய் மட்டும் தெரியும்படி மூடும் தலைப்பகுதி மூன்றும் கட்டாயம். காலர் இல்லாத பையில் நீங்கள் புரளும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறும்.

நீளம் பற்றிப் பலர் நினைப்பதில்லை. வழக்கமான ரெகுலர் அளவு 183 செ.மீ. உயரம் உள்ளவர் வரைக்கும். உங்களுக்குச் சரி. 155 செ.மீ. உயரமுள்ள அவருக்கு அதில் காலுக்குக் கீழே ஓர் அடி வெற்றிடம் மிஞ்சும், அந்த இடத்தையும் அவர் உடம்புதான் சூடாக்க வேண்டும். குட்டை அளவோ பெண்களுக்கென்று தைத்ததோ கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் காலடி வெற்றிடத்தில் மறுநாள் போடும் உலர்ந்த துணிகளைச் சுருட்டி அடையுங்கள். காலைக்கு உடையும் கதகதப்பாக இருக்கும். மிக இறுக்கமான பையும் ஆகாது. ஜாக்கெட்டோடு உள்ளே நுழைந்ததும் தோள் பகுதி விறைத்தால் தூவி உள்ளிருந்தே நசுங்குகிறது என்று அர்த்தம். அந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பையின்மேல் போர்த்துங்கள்.

உள்ளே போடும் லைனர் துணியைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஃப்ளீஸ் லைனர் கொஞ்சம் உதவும், பையைச் சுத்தமாகவும் வைக்கும். ‘8 டிகிரி கூட்டும்’ என்ற விளம்பரத்தை நம்பி 0 டிகிரி பையோடு கிளம்ப வேண்டாம்.

முகாமில் செய்ய வேண்டியவை: கூடாரம் போடும் இடத்தில் பனியைக் காலால் மிதித்துச் சமமாக்கி, இருபது முப்பது நிமிடம் இறுக விடுங்கள். பிறகு கூடாரம் போட்டதும் பையை முதல் வேலையாக வெளியே எடுத்து உதறி வையுங்கள். நசுங்கிக் கிடந்த தூவி முழுக்க உப்ப நேரம் எடுக்கும், படுக்கும் நேரத்தில் எடுத்தால் பாதிக் காப்புதான் கிடைக்கும்.

காற்றுப் பாயை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி உறையும், நாளடைவில் பூஞ்சையும் பிடிக்கும். கூடவே வரும் பம்ப் பையைப் பயன்படுத்துங்கள். மாலையில் ஊதிய பாய் நள்ளிரவில் தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று பயப்பட வேண்டாம். 20 டிகிரியில் இருந்த காற்று -10க்குப் போனாலே பத்தில் ஒரு பங்கு சுருங்கும். படுக்கும் முன் மறுபடி கொஞ்சம் காற்றேற்றினால் போதும். கல் போல விறைக்கவும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, இடுப்பு தரையைத் தொடாமல் கொஞ்சம் அமிழும்வரை காற்றை விடுங்கள். அவர் இப்படிச் சரிசெய்யக் கற்றுக்கொண்டால் தோள்வலி பாதி தீரும்.

நாளெல்லாம் போட்ட உடையோடு பைக்குள் போகக் கூடாது. தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி தெர்மல், கனமான கம்பளிக் காலுறை, குல்லா தனியாக, உலர்வாக இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை வீட்டிலேயே விடுங்கள். படுக்கும் முன் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவு நன்றாகச் சாப்பிடுங்கள், சிறுநீர் கழியுங்கள், கூடாரத்துக்குள்ளேயே நாற்பது ஐம்பது முறை உட்கார்ந்து எழுங்கள். சூட்டோடு நுழைந்தால்தான் அந்தச் சூட்டைப் பை காக்கும். கசியாத கெட்டி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் திணித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். காலையில் அது உறையாத குடிநீர். போன், கேமரா பேட்டரி, வாட்டர் ஃபில்டர் மூன்றும் பைக்குள் வர வேண்டும். நுண்குழாய் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் கெட்டுப்போகும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தலையையும் சேர்த்து உள்ளே இழுத்து மூடிக்கொண்டு மூச்சு விடும் பழக்கம்தான் மிகக் கெடுதல். இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் தூவியில் இறங்கி, இரண்டாம் இரவு பை பாதிதான் உப்பும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், மூக்கு குளிர்ந்தால் பஃப் எனப்படும் குழாய் வடிவக் கழுத்துத் துணியை மேலே இழுத்துப் போடுங்கள். காலையில் வெயில் வந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி அரைமணி நேரம் கூடாரத்தின்மேல் விரித்து வையுங்கள்.

இந்த ஒரு பயணத்துக்குப் பிறகு பனிக்குப் போகும் எண்ணமில்லை என்றால் பையை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும்போது உள்ளே படுத்து ஜிப்பை இழுத்துப் பாருங்கள், தோள், மார்புப் பகுதிகளை வெளிச்சத்தில் பிடித்துத் தூவி ஒதுங்கிய வெற்றுக் கட்டங்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். உப்பாத பழைய பையை வாங்காதீர்கள். பாயை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், அதை எல்லாப் பயணத்துக்கும் பயன்படுத்தலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பனிப் பை வேண்டாம், வேர்த்துக் கொட்டும். வனத்துறை அனுமதியுள்ள முகாம்களில் பெரும்பாலான இரவுகளுக்குக் கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ள இலேசான இழைப் பையும் அந்த நுரைப் பாயும் போதும். உயரமான இடங்களில் ஜனவரி இரவு என்றால் கம்ஃபர்ட் 5 எடுங்கள். மழையும் மூடுபனியும் உள்ள காட்டில் டவுனைவிட இழைதான் நம்பத்தக்கது, ஈரமானாலும் ஓரளவு சூடு தரும்.

திரும்பி வந்ததும் பையைச் சுருக்கிய உறையிலேயே பரணில் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் நசுங்கிய தூவி பிறகு உப்பாது. பெரிய பருத்திப் பைக்குள் தளர்வாக, பீரோவின் உலர்ந்த தட்டில் வையுங்கள். சென்னை ஈரக்காற்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்விசிறிக்குக் கீழே விரித்தால் வாடை வராது. துவைக்க நேர்ந்தால் டவுனுக்கென்று விற்கும் சோப்பைப் போட்டு, முன்பக்கம் திறக்கும் மெஷினில் மெதுவான ஓட்டத்தில் விடுங்கள், துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் சேர்க்கக் கூடாது. ஈரமான பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்தடுப்புகள் கிழியும், இரு கையாலும் அள்ளி எடுக்க வேண்டும். ட்ரையரில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்தோடு போட்டு, கட்டிகள் முழுக்கக் கரையும்வரை பல மணி நேரம் ஓட விடுங்கள். காற்றுப் பாயை ஊதி, சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்த பிறகு பேட்ச் ஒட்டுங்கள். ஒட்டிய பாயை ஓர் இரவு ஊதி வைத்துப் பார்த்துவிட்டு, வால்வைத் திறந்தபடியே எடுத்து வையுங்கள்.